ஜெமினி கதை இலாகா: தலைமையும் படைப்புரிமையும்

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டுடியோ தனியிடம் பெற்றது. இரட்டைக் குழந்தைகள் குழல் ஊதும் அதன் முத்திரை, ஒரு தலைமுறைக்குப் பிரம்மாண்டம் என்னும் சொல்லின் மறுபெயராகவே விளங்கிற்று. அந்நிறுவனத்தின் ஏற்றத்தை வாசன் என்னும் தனிமனிதரின் ஆற்றலுக்கும், இறக்கத்தை நட்சத்திர நடிகர்களின் ஆதிக்கத்துக்கும் ஸ்டுடியோ முறையின் சிதைவுக்கும் உரியதாக்குவது பொதுவழக்கு. பொருளியல் நோக்கில் இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. எனினும், எழுதியவர்களுக்கு அந்நிறுவனம் அளித்த இடம் யாது என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. ஜெமினியின் புகழுக்கும் பின்னாளைய வறட்சிக்கும் வேர் ஒன்றே என்பதையும், அவ்வேர் 'கதை இலாகா' என்னும் அமைப்பில் இருந்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஒரு தலைவர், இரு நிறுவனங்கள்

வாசன் 1928இல் ஆனந்த விகடனைத் தம் பொறுப்பில் ஏற்றார். திரைப்பட விநியோகத்தில் ஈடுபட்டிருந்த அவர், கே.சுப்பிரமணியத்தின் நிறுவனத்துக்குரியதாக இருந்து தீவிபத்துக்குள்ளான ஸ்டுடியோவை வாங்கி 1940இல் ஜெமினி ஸ்டுடியோவைத் தொடங்கினார். இவ்விரு நிறுவனங்களும் ஒரே தலைமையின் கீழ் இயங்கியவை. ஆயினும் படைப்பாளியை நடத்திய முறையில் வேறுபட்டவை.

விகடனில் எழுத்தாளர் தம் பெயராலேயே வாசகரை அடைந்தார். கல்கி, தேவன் ஆகியோரின் பெயர்கள் இதழின் விற்பனைக்குத் துணைநின்றன. ஸ்டுடியோவிலோ நிலைமை மாறியது. கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே.மகாதேவன், சங்கு சுப்பிரமணியம், வேப்பத்தூர் கிட்டு, நைனா ஆகியோர் கூடி உருவாக்கிய கதை, 'ஜெமினி கதை இலாகா' என்னும் பொதுப்பெயரால் வெளிப்பட்டது. இதழாசிரியராக எழுத்தாளரின் தனிக்குரலை மதித்த ஒருவரே, படமுதலாளியாக அக்குரல்களை ஒரு துறையின் பெயருக்குள் அடக்கினார் என்பது நோக்கத்தக்கது. இதழில் ஒரு கதை தோற்றால் அடுத்த வாரம் ஈடுசெய்யலாம். படம் தோற்றால் நிறுவனமே ஆட்டங்காணும். இம்முதலீட்டு அச்சமே முடிவெடுக்கும் உரிமையைத் தலைமையிடம் குவித்தது எனலாம்.

'சந்திரலேகா'வின் பாடம்

1948இல் வெளிவந்த 'சந்திரலேகா' இக்குவிப்பின் உச்சம். டி.ஜி.ராகவாச்சாரி இயக்கத்தில் தொடங்கிய படத்தை, அவர் விலகிய பின்னர் வாசனே இயக்கி முடித்தார். படப்பிடிப்பில் பங்காற்றிய கே.ராம்நாத் இடையில் நிறுவனத்தை விட்டு நீங்க, கமல்கோஷ் அப்பணியைத் தொடர்ந்தார். ஏ.கே.சேகரின் கலையமைப்பு, சர்க்கஸ் காட்சிகள், முரசு நடனம் எனப் பலரின் கைவண்ணம் அதில் உண்டு. பல ஆண்டுகள் நீண்ட தயாரிப்பில் ஆட்கள் மாறியும் படம் சிதறாமல் நின்றமைக்கு வாசனின் உறுதியே காரணம். அதே ஆண்டில் இந்தியிலும் வெளியிட்டு, தென்னாட்டுப் படத்துக்கு வடநாட்டுச் சந்தையைத் திறந்த துணிவும் அவருடையதே.

தலைமையின் பங்கை மறுப்பது நேர்மையாகாது. ஆயின், அவ்வெற்றி நிறுவனத்துக்கு அளித்த பாடம் ஒருதலையானது. ஆட்கள் மாறினும் தலைமை நிலைத்தால் போதும் என்ற நம்பிக்கையை அது வலுப்படுத்தியது. படைப்பாளி மாற்றத்தக்க உறுப்பு. முதலாளியின் பெயரே மாறாத மூலதனம் என்ற கணக்கு அவ்விடத்தே உறுதிப்பட்டது.

1949 முதல் 1953 வரை

அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழ்த் திரை வேறு திசையில் நகர்ந்தது. அண்ணாவின் 'வேலைக்காரி' 1949இல் ஜூபிடர் நிறுவனத்தின் படமாயிற்று. 1952இல் மு.கருணாநிதியின் உரையாடலுடன் 'பராசக்தி' வெளிவந்தது. அதே ஆண்டில் கு.சா.கிருஷ்ணமூர்த்தியின் மேடை நாடகமான 'அந்தமான் கைதி', வி.கிருஷ்ணன் இயக்கத்தில் எம்.ஜி.இராமச்சந்திரன் நடிக்கத் திரைக்கு வந்தது. போர்ட் பிளேரில் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையால், அந்தமான் என்னும் பெயர் விடுதலை வீரர்களின் துயரத்தோடு தமிழர் மனத்தில் பிணைந்திருந்தது. அத்தீவின் பெயரைத் தலைப்பில் தாங்கி ஒரு சமூக நாடகம் திரையரங்குக்கு வந்தமை, சமகால அரசியல் உணர்வு வணிகத்துக்கும் துணையாகும் என்பதைக் காட்டிற்று. இம்மூன்றும் எழுதியவரின் சொல்லை முதலாகக் கொண்டவை. இவற்றுள் ஒன்றும் ஜெமினியில் உருவாகவில்லை.

அக்காலத்தில் ஜெமினியின் பெருமுயற்சி 'ஔவையார்' ஆகும். கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் கே.பி.சுந்தராம்பாள் நடித்த அப்படம் 1953இல் வெளிவந்தது. அதன் எழுத்துப் பணியில் முன்பே ஈடுபட்டிருந்த புதுமைப்பித்தன் 1948இலேயே மறைந்துவிட்டார். தமிழ்ச் சிறுகதையின் கூர்மையான குரலொன்று நிறுவனத்துக்குள் வந்து, தன் தடம் தெரியாமலே வெளியேறிற்று. 'ஔவையார்' பக்திச்சுவையும் காட்சிப் பெருக்கமும் கொண்ட சிறந்த படம் என்பதில் ஐயமில்லை. எனினும் காலத்தின் வினாக்களுக்கு அது விடைதேடவில்லை. ஜெமினியின் தயக்கத்துக்குக் காரணம் திறமைக் குறைவன்று. தனிக்குரலை முன்னிறுத்தும் உரையாடல் படத்துக்கு, குரலை மறைக்கும் கதை இலாகா ஏற்ற அமைப்பாக இல்லை என்பதே காரணம்.

வெளியே மலர்ந்தவை

இம்முடிவுக்கு வலுச்சேர்க்கும் சான்று கொத்தமங்கலம் சுப்புவிடமே கிடைக்கிறது. கவிஞர், நடிகர், இயக்குநர், கதை இலாகாவின் உயிர்நாடி எனப் பல நிலைகளில் ஜெமினிக்கு உழைத்தவர் அவர். அவருடைய பெரும்படைப்பாகிய 'தில்லானா மோகனாம்பாள்' கதை இலாகாவின் ஆக்கமாக அமையவில்லை. 'கலைமணி' என்னும் பெயரில் விகடனில் தொடராக வளர்ந்தது. புனைபெயரே ஆயினும் அது ஒருவருக்கே உரிய பெயர். அந்நாவலைத் திரைப்படமாக்கிய பெருமையும் ஜெமினியைச் சாரவில்லை, 1968இல் ஏ.பி.நாகராஜன் அதனைப் படைத்தார். வாசனின் இதழில் வளர்ந்து, வாசனின் ஊழியர் எழுதிய கதை, வாசனின் ஸ்டுடியோவுக்கு வெளியே காவியமாயிற்று என்பது அந்நிறுவன வரலாற்றின் பெருமுரண்.

ஆர்.கே.நாராயணின் தொடர்பும் ஈண்டு ஒப்பிடத்தக்கது. அவரது கதையை ஒட்டி ஜெமினி 1947இல் 'மிஸ் மாலினி'யை எடுத்தது. அக்கதையுலகம் 1949இல் 'மிஸ்டர் சம்பத்' என்னும் ஆங்கில நாவலாக வெளிவந்து நிலைபெற்றது. பெயரோடு எழுதப்பட்ட வடிவமே காலத்தை வென்றது.

எழுத்தரின் சாட்சியம்

ஜெமினியின் அகவாழ்வை இலக்கியமாக்கியவர் அசோகமித்திரன். 1952 முதல் 1966 வரை அங்குப் பணியாற்றிய அவருக்கு வாய்த்த வேலைகளுள் ஒன்று, நாளிதழ்ச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது. நிறுவனத்தின் படைப்பு மையத்துக்கு மிகத் தொலைவில் இருந்த இவ்விருக்கையே அவருக்குப் பார்வைக் கோணத்தை அளித்தது. 2002இல் நூலான 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்னும் ஆங்கில நினைவுக் குறிப்புகளில் வாசன் வெறுக்கத்தக்கவராகவோ வழிபடத்தக்கவராகவோ காட்டப்பெறவில்லை. அவரைச் சூழ்ந்த அலுவலகத்தின் அச்சம், காத்திருப்பு, முகமன், கதை இலாகா மூடப்பட்ட நிகழ்வு ஆகியவை மென்னகையோடு பதிவாகின்றன.

'கரைந்த நிழல்கள்' (1969) நாவலை ஜெமினியின் நேர்ப்பதிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் திரையுலகின் இயக்கத்தை அதன் வடிவமே உணர்த்துகிறது. இயல்தோறும் மையப்பாத்திரம் மாறுகிறது. தயாரிப்பு நிர்வாகி நடராஜன், தயாரிப்பாளர் ரெட்டியார், ஸ்டுடியோ அதிபர் ராம்ஐயங்கார் எனக் கவனம் நகர்கிறது. கதைத்தலைவன் என ஒருவரும் இல்லை. ஒரே பெயரில் பலரை அடக்கிய நிறுவன வழக்குக்கு, ஒவ்வொருவருக்கும் உரிய இடமளித்த இவ்வடிவம் மறுமொழியாக அமைந்துள்ளது.

மறுப்பும் விளக்கமும்

கதை இலாகா எழுத்தாளர்களுக்கு மாத ஊதியம் தந்த ஆதரவு நிலையம். எழுத்தால் வாழ இயலாத நாளில் அதுவே பெரும்பேறு என்று வாதிடலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. புரவலரை அண்டி வாழ்வது தமிழ்ப் புலமை மரபுக்குப் புதிதுமன்று. ஆனால் சங்கப் புரவலர் பரிசில் தந்தாரேயன்றிப் பாட்டின் மேல் தம் பெயரைப் பொறிக்கவில்லை. பாடிய புலவரின் பெயரும் பாடப்பெற்ற வேந்தனின் பெயரும் ஒருங்கே நமக்குக் கிடைத்துள்ளன. ஸ்டுடியோ என்னும் புதிய புரவலர் சோறிட்டது, பெயரை எடுத்துக்கொண்டது.

முடிவுரை

வாசன் 1969இல் மறைந்தார். அதன்பின் ஜெமினியின் படத்தயாரிப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை. தலைமையின் பெயரே மூலதனமாக இருந்த நிறுவனத்தில், அத்தலைமைக்குப் பின் கையளிக்கத்தக்க படைப்பு மரபு எஞ்சவில்லை. 1973இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலத்தைச் சென்னை மக்கள் இன்றும் ஜெமினி மேம்பாலம் என்றே வழங்குகின்றனர். நிறுவனத்தின் பெயர் ஊர்வழக்கில் வாழ, அதற்கு எழுதியவர்களின் பெயர்கள் வழக்கொழிந்தன. ஜெமினி படங்களை 'வாசன் படைப்புகள்' எனத் தொகுத்துரைக்கும் ஆய்வுகள் அந்த மறதியையே நீட்டிக்கின்றன. சுவடியில் பாடவேறுபாடு கண்டு ஆசிரியரைத் துணியும் பயிற்சி தமிழாய்வுக்கு உண்டு. அப்பயிற்சி திரைக்கதைக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் விரியுமாயின், கதை இலாகா என்னும் பொதுப்பெயருக்குள் உறையும் தனிக்குரல்கள் மீளக் கேட்கும்.