கோட்டைக் கதவோடு நின்ற பாட்டு

ஹென்றி நியூபோல்ட் எழுதிய 'கில்லெஸ்பி' என்ற ஆங்கிலக் கதைப்பாட்டை, ஆம்பூரில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது ஒரு பழைய புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்தேன். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி கேட்டு, ஆற்காட்டிலிருந்து 16 மைல் குதிரையில் பறந்து வந்த தளபதியின் கதை அது. சந்தத்திலேயே குளம்பொலி கேட்கும். எங்கள் பக்கத்து மனிதர்களை வெட்டி வீழ்த்த வந்தவன் பத்திரமாக மதில் ஏற வேண்டுமே என்று என் நெஞ்சு அடித்துக் கொண்டது! நினைத்தால் இன்று கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நல்ல பாட்டு, அதை மறுப்பதற்கில்லை.

அதில் வேலூருக்கு வஞ்சக ஊர் என்று பட்டம் உண்டு. சிப்பாய்க்குப் பெயரில்லை, காரணமும் இல்லை. தூங்கியவர்களையும் ஆஸ்பத்திரி நோயாளிகளையும் அவர்கள் கொன்றது உண்மை. அதை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்பு, 1805 நவம்பரில், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. மறுத்தவர்களுக்குச் சென்னையில் சவுக்கடி. தோல் ஷாப்பு வாடையிலேயே வளர்ந்த எனக்கு, ஒரு துண்டுத் தோலுக்கா இத்தனை என்று அந்த வயதில் தோன்றியது. அதை எவன் தலையில் எவன் வைத்தான் என்று யோசிக்கவில்லை.

பீரங்கி கதவைப் பிளக்கிறது, குதிரைவீரர்கள் துரத்துகிறார்கள், பாட்டு முடிகிறது. கதையோ அங்கேதான் தொடங்குகிறது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு பேருக்கு மேல் வெளியே இழுத்து வரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். விசாரணை கிடையாது. நேரில் பார்த்த பிளாகிஸ்டன் என்ற அதிகாரி, அதைக் கலங்காமல் பார்க்க முடிந்தது என்று 1829ல் வந்த தம் நூலில் எழுதினார். நியூபோல்டோ பாரிஸ்டர். 1898ல் இந்தப் பாட்டு அவர் தொகுப்பில் வந்தபோதும் வக்கீல் தொழிலை விடவில்லை. விசாரணையற்ற நூறு சாவு ஒரு வக்கீலின் கண்ணில் படாமற் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு ராணுவக் கோர்ட்டும் கூடியது. பீரங்கி வாயில் 6 பேர், துப்பாக்கிக்கு 5 பேர், தூக்கில் 8 பேர், நாடு கடத்தப்பட்டவர் 5 பேர். அதற்குள் தலைப்பாகை உத்தரவையே கம்பெனி ரத்து செய்து விட்டது! உத்தரவு போட்ட சேனாதிபதி கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் 1807ல் சீமைக்குத் திருப்பி அழைத்தார்கள். கிரடாக் 1811ல் தென்னாப்பிரிக்காவின் கேப் நாட்டுக்குக் கவர்னர் ஆனார். பெண்டிங் 1828ல் கல்கத்தாவுக்கு கவர்னர் ஜெனரலாகவே வந்து இறங்கினார்.