கேள்விச் செல்வமும் வலையொலியும்

கேள்வி என்பது தமிழில் இரு பொருள் தரும் சொல். செவியால் கேட்டறிதலும் கேள்வி. ஐயம் தீர வினவுதலும் கேள்வி. கதாகாலட்சேபம், பட்டிமன்றம், வானொலிச் சொற்பொழிவு என வழிவழியாக வந்த செவிவழிக் கல்வியின் இன்றைய வடிவம் வலையொலியாகும். 'பாட்காஸ்ட்' என்னும் அதன் ஆங்கிலப் பெயர் 2004ஆம் ஆண்டில் தோன்றியது. குறித்த நேரத்தில் வானொலிப் பெட்டியின்முன் அமர வேண்டிய கட்டாயத்தை நீக்கி, விரும்பிய வேளையில் கேட்கவும் மீண்டும் கேட்கவும் அது வழி செய்தது. அறிவியலையும் வரலாற்றையும் பொதுமக்களிடம் கொண்டு செல்வதில் அதன் ஆற்றல் பெரிது. ஆயினும், கேள்வியின் முதற்பொருளை நிறைவேற்றும் அளவுக்கு அது இரண்டாம் பொருளையும் நிறைவேற்றுகிறதா என்பது ஆராயத்தக்கது.

பினாங்குத் தமிழர்க்கு இத்துறை அயலானதன்று. பினாங்கில் பிறந்தவரான முனைவர் க. சுபாஷிணி, முனைவர் நா. கண்ணனுடன் இணைந்து 2001ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் மரபு அறக்கட்டளை, பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் பாதுகாத்ததோடு, 'மண்ணின் குரல்' என்னும் தலைப்பில் ஒலிப்பதிவுகளையும் ஒளிப்பதிவுகளையும் வெளியிட்டுள்ளது. வரலாறு கோயிற் சுவரிலும் ஊரார் நினைவிலும் வாழ்கிறது என்பதை உணர்த்துவதே இத்தகு முயற்சிகளின் சிறப்பு. ஒரு முதியவரின் பேச்சை எழுத்தில் வடிக்கும்போது மறைந்துவிடும் வட்டார வழக்கும் தயக்கமும் ஒலிப்பதிவில் தங்கிவிடுகின்றன.

எனினும், இவ்வடிவத்திற்கே உரிய ஓர் இடர் உண்டு. நூலைப் படிப்பவர்க்கு ஐயம் எழுந்தால் கண் பின்னோக்கிச் செல்லும், அடிக்குறிப்பைத் தேடும். கேட்பவர்க்கோ, சொல்பவர் குரலில் உள்ள உறுதியே சான்றாகத் தோன்றிவிடும். புத்தகுப்தன் கல்வெட்டை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பினாங்கு மாநிலத்தின் தீபகற்பப் பகுதியான செபராங் பிறையில் 1834ஆம் ஆண்டு ஜேம்ஸ் லோ கண்டெடுத்த இக்கல், இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பெயரைத் தாங்கிய இதன் எழுத்து பல்லவ எழுத்து வகையைச் சார்ந்தது, மொழியோ வடமொழி. காலம் ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டு. 'பல்லவ எழுத்து' என்ற தொடரை மட்டும் செவியில் வாங்கிய மாணவன், அதனைத் தமிழ்க் கல்வெட்டு என்று கட்டுரையில் எழுதிவிடக்கூடும். எழுத்து வேறு, மொழி வேறு என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் அப்பிழை நேராது. சுவை குன்றும் என்றஞ்சி அவ்வாக்கியத்தை விட்டுவிடுவது எளிமையாகாது.

அறிவியலைச் சொல்லும்போதும் இந்நிலை எழுகிறது. கீழடி அகழாய்வு குறித்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலத்தைக் கி.மு. 580 எனக் கூறியது. அந்த எண்ணைப் பெருமிதத்துடன் ஒலிப்பது எளிது. உயிர் நீங்கிய பொருளிலுள்ள கார்பன்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் என்பதையும், எஞ்சியதை அளந்தே காலம் கணிக்கப்படுகிறது என்பதையும், அக்கணிப்பு அந்த மாதிரிக்கே நேரடியாக உரியது என்பதையும் விளக்குவதுதான் அறிவியல் பரப்பும் பணி. அவ்விளக்கத்தைப் பெற்றவர், அடுத்து வரும் அகழாய்வுச் செய்தியைத் தாமே எடைபோட வல்லவராவார்.

சான்றுகளை அடுக்கினால் கேட்போர் சலிப்படைவர் என்று சிலர் கூறலாம். அச்சலிப்பு சான்றால் வருவதன்று. அதனைச் சொல்லும் முறையால் வருவது. கல் எங்கே கிடந்தது, யார் கண்டார், எழுத்தைப் படித்தவர்கள் எங்கே தடுமாறினர் என்று முறைப்படச் சொன்னால், சான்றைத் தேடிய வரலாறே சுவைமிக்க கதையாகும்.

கேள்வி அதிகாரத்தை அடுத்து அறிவுடைமையை வைத்தார் வள்ளுவர். எவர் சொல்லக் கேட்பினும் உண்மையை ஆராய்ந்து காண வேண்டும் என்னும் கருத்தை அவர் சொல்லிய இடம் அந்த அறிவுடைமையே. கேட்டதோடு கல்வி முற்றுப் பெறுவதில்லை என்பதை அவ்வைப்புமுறை காட்டுகிறது. ஆதலின், வகுப்பறையில் வலையொலியை ஒலிக்கச் செய்யும் தமிழாசிரியர், 'என்ன கேட்டாய்?' என்று வினவுவதோடு நில்லாது, 'சொன்னவர்க்கு அது எப்படித் தெரியும்?' என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்குரிய விடை ஒலிப்பதிவிலேயே இருக்குமாயின் அது நல்ல வலையொலி. இல்லையாயின், விடையைத் தேடி நூலகம் செல்லும் மாணவனே அதன் குறையை நிறைவு செய்தவனாவான்.