பாண்டியர் அரண்மனை: சான்று எதுவரை?

மதுரையை அடுத்த கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துக்கு மேலே ஏறினால், பாறைமீது ஒரு கட்டடத்தின் கல் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி என்கிறார்கள் ஆய்வாளர்கள். கல்லுக்கே இந்தக் கதி. செங்கல்லும் மரமுமாக எழுந்திருக்கக்கூடிய பாண்டியர் அரண்மனையை எங்கே போய்த் தேடுவது?

மலைக்குக் கிழக்கே மாடக்குளம் கண்மாய். பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் தலைநகரை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்றே குறிக்கின்றன. அரசன் அமர்ந்து ஆணையிட்ட கூடத்துக்கும் இருக்கைக்கும்கூட அவற்றில் பெயர் உண்டு: அழகிய பாண்டியன் கூடம், மழவராயன் என்னும் பள்ளிப்பீடம். அரசாணையின் வழக்கமான வாசகம்தான், புலவரின் புனைவல்ல. அதனால் நம்பலாம். ஆனால் கூடத்தின் நீளம் என்ன, தூண்கள் எத்தனை என்று கேட்டால் கல்வெட்டு வாய் திறப்பதில்லை.

சங்கப் பாட்டான நெடுநல்வாடை வேறு வகைச் சாட்சி. நண்பகல் நிழல் பார்த்துத் திசை குறித்து, கயிறு பிடித்து அரண்மனைக்கு மனை வகுத்த முறையை நக்கீரர் சொல்கிறார். கொத்தனார் வேலையை அருகிருந்து பார்த்த கண் அது. என்றாலும் அந்தப் பாட்டுக்கும் மழவராயன் பீடத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டவைப்பதுதான் அந்த அரண்மனையைக் கணினியில் மீட்டு வரையும் முயற்சிகளின் பெரிய கோளாறு. போதாததற்கு, இடைவெளியை நிரப்பத் திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளும் வந்துவிடுகின்றன. அது 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், மிஞ்சியது கால்வாசிதான், அதுவும் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் செப்பனிடப்பட்டது.

சான்றிலிருந்து கட்டடத்தை மீட்டு வரையும் முறையின் பலத்தைப் பார்க்க, சோழர் அரண்மனை இருந்த கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டுக்குப் போக வேண்டும். 1980களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது செங்கல் சுவர்களின் அடிப்பகுதியும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும் கிடைத்தன. ஓடும் ஆணியும் இருந்தால் மரச்சட்டக் கூரை என்று துணிந்து சொல்லலாம். சினிமா செட்டின் கல் மாடங்கள் அந்த ஓட்டுத்துண்டின் முன் நிற்காது. மதுரையில் அந்த வசதி இல்லை. பழைய நகரத்தின்மேல் மக்கள் குடியிருக்கிறார்கள். அருகே கீழடியில் அகழாய்வு நடந்தது. வெளிவந்தது ஒரு நகரத்தின் வாழ்விடம், அரண்மனையல்ல.

சான்றையும் ஊகத்தையும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையில் அகழாய்வாளர் ஆர்தர் எவன்ஸ் கான்கிரீட்டால் மேல்தளங்களையே எழுப்பினார். பழையது எது, அவர் கட்டியது எது என்று பிரித்தறிவது பார்வையாளருக்கு இன்றும் பெரும்பாடு. கணினியில் வரையும்போது அந்தச் சிக்கல் வரத் தேவையில்லை. சான்றுள்ள சுவருக்கு ஒரு நிறம், ஊகத்துக்கு வேறு நிறம் கொடுத்துவிடலாம். பாண்டியர் அரண்மனையை வரைய முனைவோர் இதையாவது செய்யட்டும். இன்றைய நிலையில் சான்று நிறத்தில் எழுத அவர்களிடம் ஒரு கூடத்தின் பெயரும் ஒரு பீடத்தின் பெயரும் உண்டு. சுவர் ஒன்றுகூடக் கிடையாது.