பதம் சொல்லும் காது

தீபாவளிப் பலகாரத்துக்கும் கார்த்திகைப் பலகாரத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எண்ணெய்ச் சட்டிதான். முறுக்கும் அதிரசமும் சுட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் அரை நாள் அடுப்படியில் நின்றாக வேண்டும். முட்டிவலிக்காரர்களுக்கு அது ஆகாத வேலை. ஐப்பசி கழிந்ததும் பலகாரத்தின் போக்கே மாறிவிடுகிறது. பொரி உருண்டை, எள்ளுருண்டை, கடலை உருண்டை, ஓலைக் கொழுக்கட்டை, திருவாதிரைக் களி என்று பொங்கல் வரை வருபவை எல்லாம் வறுப்பது, இடிப்பது, பிடிப்பது, அவிப்பது என்று முடிந்துவிடும். பாதி வேலையை உட்கார்ந்தே செய்யலாம். வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து செய்ய இவற்றை மிஞ்சிய பலகாரம் கிடையாது. காரணம், இவற்றில் அவர்களுக்குக் கிடைப்பது ஒப்புக்கு ஒரு வேலையல்ல. தீர்ப்புச் சொல்லும் இடம்.

பொரி உருண்டையையே எடுத்துக்கொள்வோம். 6 கப் பொரிக்கு 1 கப் பொடித்த வெல்லம், கால் கப் தண்ணீர், நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, ஏலம், சுக்கு. அவ்வளவுதான் சாமான். கார்த்திகை மழை மாதம் என்பதால் வாங்கி வந்த பொரி சீக்கிரமே நமத்துவிடும். வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, இரண்டு விரலில் நசுக்கினால் பொடியாக நொறுங்க வேண்டும். இந்தச் சோதனையிலிருந்தே வீட்டு ஆச்சியின் அதிகாரம் தொடங்கிவிடுகிறது.

வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுகிறோம். முதலில் நுரை பெரிது பெரிதாகப் பொங்கும். தண்ணீர் வற்ற வற்ற நுரை சிறுத்து, நிறம் கறுத்து, கரண்டியிலிருந்து விழும் பாகு சோம்பலாக இறங்கும். கம்பி தெரிந்ததும் இறக்கிவிடுகிற அவசரக்காரர்களின் உருண்டை மறுநாளே பிசுபிசுக்கும். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். முதல் சொட்டு கலங்கிக் கரைந்துபோகும். அடுத்தது அடியில் தங்கி, எடுத்தால் விரலில் மெத்தென்று துவளும். அது அதிரசத்துக்கு ஆகும், பொரிக்கு ஆகாது. "இன்னொரு கொதி விடு, இப்ப இறக்கினா உருண்டை நிக்காது" என்பார் ஆச்சி. பிறகு வரும் சொட்டை உருட்டினால் கெட்டியான முத்தாக நிற்கும். தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்கும். அந்தச் சத்தம் வந்த நொடியில் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

இனிப்புச் செய்யும் வெப்பமானி வைத்துப் பார்த்தால் இந்தக் கெட்டிப் பாகு 120 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்கும். எண் தெரிந்திருப்பதில் தவறில்லை. ஆனால் புது வெல்லம் ஒரு மாதிரி, பழைய வெல்லம் ஒரு மாதிரி. பாகு வெல்லம் ஒரு மாதிரி, மண்டை வெல்லம் ஒரு மாதிரி. தண்ணீர்க் கிண்ணம் அன்றைக்குச் சட்டியில் இருக்கும் வெல்லத்தையே சோதிக்கிறது. இந்தச் சோதனைக்குக் கூர்மையான கண் வேண்டாம் என்பது இதில் எனக்குப் பிடித்த அம்சம். கண்புரை மறைத்தவருக்கு விரலும் காதும் போதும். காது மந்தமானவருக்கு விரல் மட்டுமே போதும்.

பாகைப் பொரியில் ஊற்றிக் கிளறுவது மட்டும் இளையவர் வேலை. கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். கொதிநீரைவிடக் கொடியது, முதியவர்களின் மெல்லிய தோலுக்கு இன்னும் கொடியது. கை பொறுக்கிற சூடு வந்தபின், உள்ளங்கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு எல்லோரும் சுற்றி உட்காரலாம். பழகிய கை முதலில் இறுக்காது. தளரத் தளர உருட்டித் தட்டில் போட்டுக்கொண்டே போய், முதல் உருண்டைக்குத் திரும்பி வந்து இரண்டாம் முறை அழுத்தும். பனிக்காலத்தில் பாகு சட்டென்று இறுகுவதால் பாத்திரத்தை வெந்நீரின் மேல் வைத்துக்கொள்வது நல்லது.

எள்ளுருண்டையில் வேறொரு நுட்பம். பொட்டுக்கடலையும் ரவையும் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். கறுப்பு எள் கருகினாலும் கறுப்புத்தான். கழுவி உலர்த்திய எள்ளைக் கனத்த சட்டியில் போட்டதும் சற்று நேரம் பேச்சே இருக்காது. பிறகு அங்கொன்று இங்கொன்றாகப் படபடக்கும். பிறகு மொத்தச் சட்டியும் பொரியும். அந்தப் படபடப்பு அடங்கத் தொடங்கும்போது எள் முடிந்தது. அதற்குமேல் அரை நிமிடம் விட்டால் கசப்புத் தட்டும். எள்ளை வறுப்பவர் பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்று பெரியவர்கள் அதட்டுவதன் பொருள் இதுதான். பாகு காய்ச்ச மனமில்லையென்றால் 2 பங்கு எள்ளுக்கு 1 பங்கு வெல்லம் சேர்த்து உரலில் இடித்தால் போதும். எள்ளின் எண்ணெயே கசிந்து உருண்டை பிடிக்க வைக்கும். பல் இல்லாத வாய்க்கும் இது இதம்.

கடலை உருண்டை என்றதும் கோவில்பட்டி நினைவுக்கு வரும். அந்த ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைச் சரக்கின் மினுமினுப்பு வீட்டில் வராது, வரவும் வேண்டியதில்லை. வீட்டில் ரசிக்க வேண்டியது அதற்கு முந்திய காட்சி. வறுத்த கடலையைத் துணியில் தேய்த்துத் தோலை உரித்து, முறத்தில் இட்டுப் புடைப்பார்கள். மணிக்கட்டு ஒரு சொடுக்குச் சொடுக்கும். கடலை எழும்பி அதே இடத்தில் விழும், தோல் மட்டும் முறத்தின் விளிம்பைத் தாண்டிப் பறக்கும். நாம் செய்தால் தோலோடு கடலையும் தரையில் கிடக்கும். அண்மையில் நடந்ததை மறக்கத் தொடங்கிவிட்டவர்களுக்குக்கூடக் கை பழகிய வேலை வெகுநாள் தங்கும். சற்றுமுன் சாப்பிட்டதை மறந்துபோன ஒருவர் முறத்தைக் கையில் வாங்கியதும் ஒரு கடலை சிந்தாமல் புடைப்பதைப் பார்க்க முடியும்.

பாகே வேண்டாம் என்பவர்களுக்குத் தென்மாவட்டத்து ஓலைக் கொழுக்கட்டை இருக்கிறது. அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், வறுத்த பாசிப்பருப்பு, சுக்கு. பிசைந்த மாவைப் பனங்குருத்து மடிப்பில் அமுக்கி, ஓலை நாராலேயே கட்டி அவிப்பார்கள். நடுங்குகிற கைக்கும் அமுக்குகிற வேலை எளிது; வெந்தபின் ஓலையின் வரி கொழுக்கட்டையில் அச்சாகப் பதிந்திருக்கும், வாசனையும் ஏறியிருக்கும். மார்கழித் திருவாதிரைக் களியில் அரிசியைப் பொன்னிறமாக வறுத்து ரவையாக உடைப்பதுதான் சூட்சுமம். சேந்தனார் படைத்த களியைத் தில்லைக் கூத்தன் ஏற்றான் என்கிறது கதை. அதிலுள்ள எளிமை களியின் ருசியிலும் இருக்கிறது. இன்னும் சுலபம் மாலாடு: 1 கப் பொட்டுக்கடலை மாவு, அரை கப் பொடித்த சர்க்கரை, உருக்கிய நெய். சூட்டோடு பிடிக்கலாம், மறுநாள் தின்றால் ருசி கூடியிருக்கும்.

வெல்லம், கருப்பட்டி என்றதும் சர்க்கரை நோய்க்கு ஆகும் என்று நம்புகிறவர்கள் உண்டு. இரண்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியவைதான். ஆகவே நெல்லிக்காய் அளவில் சின்னதாகப் பிடித்து, ஒன்றோடு நிறுத்துவது மரியாதை. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு முழுக் கடலை வேண்டாம்; குழைவான களி போதும்.

நல்ல உருண்டைக்கு என் அளவுகோல் இதுதான். கையில் எடுத்தால் ஒட்டக் கூடாது. கடித்தால் ஒரே கடியில் விட்டுக்கொடுக்க வேண்டும். பொரி தனியாகவும் பாகு தனியாகவும் நாக்குக்குத் தெரிய வேண்டும். கடைசியில் சுக்கு தொண்டையில் லேசாக உறைக்க வேண்டும். இந்த நான்கும் அமைந்தால் பதம் பார்த்தவருக்கே முதல் உருண்டை சேர வேண்டும். பல் இல்லையென்று அவர் மறுத்தால் அதைத் தட்டி உடைத்துச் சூடான பாலில் போட்டுக் கொடுங்கள். பொரி ஊறி, பாகு பாலில் கரைந்ததும், "வெல்லம் ஒரு பிடி கூடிப்போச்சு" என்று குற்றம் சொல்லிக்கொண்டே டம்ளரைக் காலி செய்துவிடுவார்.