சீக்கிரம் வேறு, வேகம் வேறு: கோள்களைப் பற்றிய உரைப்பகுதிகள் குறித்து



கருத்துணர்தல் பயிற்சிகளிலும் மாதிரிக் கட்டுரைகளிலும் கோள்கள் அடிக்கடி தலைகாட்டும். அங்கே இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைப் பார்த்திருப்பீர்கள்: "புதன் சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் 88 நாளிலேயே வேகமாகச் சுற்றி வருகிறது." நடை எளிமை, இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால், விளக்கக் கட்டுரைக்குரிய வாக்கியமாக இது தேறுமா? தேறாது என்பதே என் கருத்து.

88 நாள் என்பது காலத்தை மட்டும்தான் சொல்கிறது. பேச்சில் "சீக்கிரமா வந்துட்டான்" என்கிறோம், "வேகமா வந்தான்" என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றா? பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் ஆடி அசைந்து நடந்தாலும் சீக்கிரம் வந்துவிடுவான். பத்து கிலோமீட்டர் தள்ளியிருப்பவன் மோட்டாரில் பறந்து வந்தாலும் நேரமாகும். புதன் எந்த வகை? பாதை குட்டையா, ஓட்டம் வேகமா? அந்த வாக்கியம் இதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிடுகிறது.

கணக்குப் போட்டால் பதில் கிடைத்துவிடும். பாதையை வட்டமாக வைத்துக்கொள்வோம். சூரியனிலிருந்து உள்ள தூரத்தை 2 × 3.14 ஆல் பெருக்கினால் பாதையின் நீளம் வரும். அதைச் சுற்றும் காலத்தால் வகுத்தால் வேகம்.

பூமி: தூரம் 149.6 மில்லியன் கிலோமீட்டர், பாதை ஏறத்தாழ 940 மில்லியன். ஓராண்டு 31.56 மில்லியன் விநாடி. வேகம் விநாடிக்கு 29.8 கிலோமீட்டர்.

புதன்: தூரம் 57.9 மில்லியன், பாதை ஏறத்தாழ 364 மில்லியன். 88 நாள் என்றால் 7.6 மில்லியன் விநாடி. வேகம் விநாடிக்குச் சுமார் 48 கிலோமீட்டர்.

ஆக, பாதையும் குட்டை, ஓட்டமும் வேகம். நெப்டியூனைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அது நம்மைவிட 30 மடங்கு தொலைவில் இருக்கிறது. பூமியின் வேகத்திலேயே போனால் 30 ஆண்டில் ஒரு சுற்று முடிய வேண்டும். ஆனால், 165 ஆண்டு எடுக்கிறது. காரணம், அதன் வேகம் விநாடிக்கு 5.4 கிலோமீட்டர்தான். தூரம் கூடக்கூடச் சூரியனின் ஈர்ப்பு குறைகிறது. அந்தச் சுற்றுப்பாதையில் நிற்க மெதுவான ஓட்டமே போதும். தூரம் 4 மடங்கானால் வேகம் பாதியாகும்.

இரண்டாவது குறை, 'சராசரி' என்ற சொல் காணாமல் போவது. கோளின் பாதை நீள்வட்டம் என்பதையும், அருகில் வரும்போது அது விரைவாக ஓடும் என்பதையும் கெப்ளர் 1609இலேயே வெளியிட்டுவிட்டார். பூமி ஜனவரித் தொடக்கத்தில் விநாடிக்கு 30.3 கிலோமீட்டரும், ஜூலைத் தொடக்கத்தில் 29.3 கிலோமீட்டரும் செல்கிறது. புதனுக்கு நாம் 48 என்று கண்டோம், அட்டவணைகளில் 47.4 என்று இருக்கும். அதன் பாதை வட்டத்திலிருந்து நன்றாகவே விலகியிருப்பதால் வந்த வித்தியாசம் இது.

மூன்றாவது, "விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்" என்ற முடிப்பு. நான்கே வரியில் மாணவரே கண்டறியக்கூடியதை ஏன் அடுத்தவர் தலையில் போட வேண்டும்?

"இது மொழிப்பாடம்தானே, அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சிலர் சொல்லலாம். ஆனால் 'இருப்பதால்' என்று எழுதினால் காரணம் காட்ட நாம் கடமைப்பட்டுவிடுகிறோம். காரணத்தைப் பாதியில் விட்டுவிட்டு 'ஆல்' போடுவது மொழியின் குறைதான். அதைத் திருத்துவது நம் வேலை. அந்த வாக்கியத்தை இப்படி எழுதலாம்: "புதனின் பாதை குறுகியது, அதன் சராசரி வேகமும் பூமியைவிட அதிகம். ஆகவே, அது 88 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது." நீளம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, விளக்கம் முழுமையாகிவிட்டது.

மாணவர்களே, ஒரு பயிற்சி. 1995இல் அறிவிக்கப்பட்ட '51 பெகாசி பி' என்ற கோள் தன் விண்மீனிலிருந்து ஏறத்தாழ 7.8 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில், சுமார் 4.2 நாளில் ஒரு சுற்று வருகிறது. வேகத்தைக் கணக்கிடுங்கள். விடை விநாடிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். பிறகு அதை இரண்டே வாக்கியத்தில் எழுதுங்கள். 'சீக்கிரம்' எங்கே வருகிறது, 'வேகம்' எங்கே வருகிறது என்று பார்த்து எழுதுங்கள்.