கவலைக்கு ஒரு டிக்கெட்

தீவிர இலக்கியம் வாசிக்கிறவர்களின் அலமாரியில் சுயமுன்னேற்ற நூல் ஒன்றாவது இருக்கும், ஆனால் பின்வரிசையில்தான். முன்வரிசையில் வைக்கக் கூச்சம். கூச்சத்துக்கு நியாயமும் உண்டு. அந்த நூல்களில் பெரும்பாலானவை ஒரே பக்கத்தை இருநூறு தடவை எழுதியவை. ஆனால் படிக்காமலே ஒதுக்குவது விமர்சனம் ஆகாது. அதனால் இந்த வகையின் மூலநூல்களில் ஒன்றை, மற்ற எந்த நூலையும் வாசிக்கிற அதே கவனத்தோடு வாசித்துப் பார்க்கலாம் என்று எடுத்தேன். டேல் கார்னகியின் ‘ஹவ் டு ஸ்டாப் வொர்ரியிங் அண்ட் ஸ்டார்ட் லிவிங்’. வெளிவந்த ஆண்டு 1948.

கார்னகி நியூயார்க்கில் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்தவர். வந்தவர்களின் பெரிய பிரச்சினையே கவலைதான் என்று கண்டு, அதைப் பற்றிப் புத்தகம் தேடி நியூயார்க் பொது நூலகத்துக்குப் போகிறார். கவலை என்ற தலைப்பில் 22 புத்தகங்கள், புழுக்கள் என்ற தலைப்பில் 189. முன்னுரையில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். அவருடைய ருசி இதுதான்: தத்துவம் வேண்டாம், எண்ணிக்கை சொல்லு, ஆளைக் காட்டு, என்ன செய்தான் என்று சொல்லு.

அவர் முதலில் காட்டும் ஆட்களில் ஒருவர் வில்லிஸ் கேரியர். ஏசி இயந்திரத்தில் இன்றும் ஒட்டியிருக்கும் அதே பெயர். இளம் எஞ்சினியராக இருந்தபோது மிசௌரி மாநிலத்தில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் வாயுவைச் சுத்திகரிக்கும் கருவி ஒன்றைப் பொருத்தப் போகிறார். கருவி ஓடுகிறது, ஆனால் வாக்குக் கொடுத்த அளவுக்கு ஓடவில்லை. வயிறு கலங்குகிறது, தூக்கம் போகிறது. பிறகு உட்கார்ந்து மூன்று படி யோசிக்கிறார். அதிகபட்சம் என்ன கெட்டுவிடும்? கெட்டால் ஏற்றுக்கொள்ள முடியுமா? ஏற்றுக்கொண்ட பிறகு, அதை எப்படிக் குறைக்கலாம்? அதிகபட்ச நஷ்டம் 20,000 டாலர். ஏற்றுக்கொண்டதும் மனம் அமைதியாகிறது. இன்னும் 5,000 டாலருக்குக் கருவி சேர்த்தால் சரியாகும் என்று கண்டுபிடிக்கிறார். நஷ்டத்துக்குப் பதில் 15,000 டாலர் லாபம்.

நல்ல கதை. ஆனால் இரண்டாவது படியில் கேரியர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைக் கவனியுங்கள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். கம்பெனி அந்தப் பணத்தை ஆராய்ச்சிச் செலவில் எழுதிக்கொள்ளும். அதாவது, அவரால் நஷ்டத்தை ஏற்றுக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் நஷ்டம் அவருடையது இல்லை. மனவலிமை என்று கார்னகி நமக்குக் காட்டுவதில் பாதி, கம்பெனியின் கணக்குப் புத்தகம். கந்துவட்டிக்கு வாங்கிக் கடை போட்டவரிடம் போய் இந்த மூன்று படியைச் சொன்னால், இரண்டாவது படியில் நிற்பார். அவர் நஷ்டத்தை எழுதிக்கொள்ள எந்தப் புத்தகம் இருக்கிறது?

அடுத்த கதை இன்னும் கூர்மையானது. 1942, ஜப்பானியர் பிடித்த ஷாங்காய். கேலன் லிட்ச்ஃபீல்ட் ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் மேலாளர். ஜப்பானிய அதிகாரியிடம் கொடுத்த சொத்துப் பட்டியலில் ஒரு தொகையை விட்டுவிட்டார், அது ஹாங்காங் கிளைக்குச் சொந்தம் என்பதால். அதிகாரி கண்டுபிடித்துக் கொதிக்கிறார். ஞாயிறு பிற்பகல் செய்தி வருகிறது. அடுத்தது சித்திரவதைக் கூடமாக இருக்கலாம். லிட்ச்ஃபீல்ட் தட்டச்சுப் பொறி முன்னால் உட்கார்ந்து, எதற்குக் கவலைப்படுகிறேன், என்ன செய்யலாம் என்று அடிக்கிறார். நான்கு வழிகள், ஒவ்வொன்றின் கீழும் அதன் விளைவு. நான்காவதைத் தேர்ந்தெடுக்கிறார்: திங்கட்கிழமை வழக்கம்போல அலுவலகம் போவது. போகிறார். அதிகாரி முறைக்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வாரத்தில் டோக்கியோ திரும்பிவிடுகிறார்.

இதே பட்டியல் போட்டு, இதே நான்காவது வழியில் போய், சித்திரவதைக் கூடத்தில் முடிந்தவர் கதை இந்த நூலுக்கு வந்து சேர வழியில்லை. அதனால் பட்டியல் உயிரைக் காப்பாற்றியது என்பதற்கு இது சாட்சி ஆகாது. ஆனால் முடிவெடுத்ததும் அவர் மனம் இலேசானது என்பதற்குச் சாட்சி. கார்னகி இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து விற்கிறார். பிரித்துப் பார்த்தால் இரண்டாவது மட்டுமே உண்மை. அது சின்ன உண்மையும் இல்லை.

மூன்றாவது, லியோன் ஷிம்கின். சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தில் கூட்டம் போட்டே நாள் போகிறது. ஒரு விதி கொண்டுவருகிறார்: பிரச்சினையோடு வருகிறவர் நான்கு கேள்விக்கு எழுத்தில் பதில் கொண்டுவர வேண்டும். பிரச்சினை என்ன, காரணம் என்ன, தீர்வுகள் என்னென்ன, நீ எதைச் சொல்கிறாய். கூட்ட நேரம் முக்கால்வாசி குறைந்தது என்கிறது நூல். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான சங்கதி. நாம் அதை டிக்கெட் என்கிறோம்.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் அப்பாவுக்குப் பக்கவாதம். பெற்றோர் கரூரில், மகன் பெங்களூரில். அவர் அச்சு அசலாக லிட்ச்ஃபீல்ட் மாதிரி ஒரு எக்செல் தாள் போட்டார். இரண்டு பேரையும் பெங்களூர் கூட்டிவருவது, முழுநேர ஹோம் நர்ஸ், தங்கை வீடு, தானே ஊருக்குப் போவது. செலவு, சாதகம், பாதகம், எல்லாம் பக்கா. போனில் வாசித்துக் காட்டினார். அம்மா முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னது: “நாலு வழி போட்டிருக்கற கண்ணு. எனக்கு என்ன முடியலைன்னு நீ கேக்கவே இல்லையே.”

கேட்டார். காலையில் குளிக்க வைக்கத் தூக்குவது ஒன்றுதான் அம்மாவுக்கு முடியவில்லை. மற்றதெல்லாம் பார்த்துக்கொள்வார், வீட்டை விட்டு வரவும் மாட்டார். இப்போது அதே தெருவில் இருக்கும் ஒருவர் தினம் ஒரு மணி நேரம் வந்து போகிறார், மாதச் சம்பளத்துக்கு. நான்கு வழியிலும் இது இல்லை.

கார்னகி கவனிக்காமல் விட்ட இடம் இது என்று நினைக்கிறேன். ஷாங்காயில் பட்டியல் போட்டவரே உயிருக்குப் பயந்தவர். ஷிம்கினின் அலுவலகத்தில் பிரச்சினையைச் சுமந்து வந்தவரே தாளை நிரப்பினார். கையில் பேனா இருந்ததும் வலி இருந்ததும் ஒரே ஆளிடம். வீட்டில் அப்படி இல்லை. தட்டச்சு தெரிந்தவர், சம்பாதிக்கிறவர், தூரத்தில் இருப்பவர் எழுதுகிறார். தூக்குகிறவர் எழுதுவதில்லை. ‘பிரச்சினை என்ன’ என்ற முதல் கேள்விக்குத் தப்பான ஆள் பதில் சொன்னால், மீதி மூன்று கேள்விக்கும் எவ்வளவு நேர்த்தியாகப் பதில் எழுதினாலும் அது வேறு யாருடையதோ பிரச்சினைக்கான தீர்வு.

சுயமுன்னேற்ற நூல் என்ற பெயரிலேயே இந்தக் குறை இருக்கிறது. அதில் ‘சுயம்’ ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் சூழ்நிலை. நம் அன்றாடப் பிரச்சினைகளோ பெரும்பாலும் இரண்டு பேருக்கு நடுவில் இருப்பவை. வாடகை வீடு மாற்றுவது, குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, அண்ணன் தம்பி பாகம் பிரிப்பது, எதுவும் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து தட்டச்சு செய்து முடிக்கிற காரியமில்லை.

இருந்தும் இந்த நூலைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்னால் வைக்கச் சொல்வேன். பயத்தை எழுத்தில் போட்டால் அதற்கு ஒரு அளவு வந்துவிடுகிறது என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்னவர்கள் குறைவு. ஷிம்கினின் நான்கு கேள்விகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தாளை மட்டும், அந்த வேலையைத் தினமும் செய்கிறவர் கையில் முதலில் கொடுங்கள். அவருக்கு எழுத வராது என்றால் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.