தம்ப்நெயிலில் இருப்பது யார் முகம்?

கிளாங் மண்டபம் ஒன்றில் எடுத்த தாலி கட்டும் காட்சி, ஷா ஆலம் நீல மசூதியின் குவிமாடம், ஐ-சிட்டியில் இரவில் ஒளிரும் எல்இடி மரங்கள். இந்த மூன்று கிளிப்புகளையும் ஐந்து எடிட்டிங் மென்பொருள்களில் போட்டு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்த்தேன். எஃபெக்ட் பட்டியலில் கட்டம் கட்டமாக வரும் சின்னப் படங்கள், அதாவது தம்ப்நெயில்கள், உண்மையைச் சொல்கின்றனவா? எக்ஸ்போர்ட் வேகத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் கல்யாண வீடியோ வெட்டி வயிறு வளர்ப்பவர்களைக் கேட்டால் தெரியும், நேரம் கரைவது எக்ஸ்போர்ட்டில் இல்லை. எந்த எஃபெக்ட் ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, பார்த்து, எடுத்து, மறுபடி வேறொன்றைப் போடுவதில்தான் ராத்திரி போய்விடுகிறது.

முதலில் கேப்கட். பைட்டான்ஸ் நிறுவனத்தின் இந்தச் செயலி 2020-இல் சீனாவுக்கு வெளியே வந்தது. இன்று கைப்பேசியில் ரீல்ஸ் வெட்டும் பிள்ளைகள் பலருக்கு எடிட்டிங் என்றாலே இதுதான். இதன் தம்ப்நெயில்கள் அசைகின்றன, மின்னுகின்றன, கண்ணை இழுக்கின்றன. ஆனால் அவற்றில் இருப்பது உங்கள் கிளிப் அல்ல, செயலியே வைத்திருக்கும் மாதிரிப் படம். தட்டினால் எஃபெக்ட் இறங்கும். அதன் பிறகுதான் உங்கள் படத்தின் மேல் அது என்ன செய்கிறது என்று தெரியும். ஜாலான் தெங்கு கிளானாவில் கடை வாசலில் நிற்கும் பொம்மைக்குக் கட்டிவிட்ட புடவை எல்லாமே அழகுதான். உள்ளே போய்த் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்த பிறகுதானே வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம்? கேப்கட்டில் தோளில் போட்டுப் பார்க்கலாம், தடையில்லை. ஒவ்வொன்றுக்கும் தட்டிக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வேடிக்கை வீடியோவுக்கு இது தாராளமாகப் போதும்.

கல்யாண வீடியோவுக்குப் போதாது. காரணம் நிறம். மணப்பெண் மாநிறம், உடுத்தியிருப்பது அரக்குச் சிவப்பில் கூரைப்புடவை, கழுத்து நிறைய நகை. மண்டபத்தின் மேல்விளக்கு மஞ்சள், வீடியோகாரர் பிடித்த விளக்கு வெள்ளை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு லட் கோப்பை, அதாவது படத்தின் நிறங்களை வேறு நிறங்களாக மாற்றும் அட்டவணையை, இந்தக் காட்சியில் போட்டேன். மாதிரிப் படத்தில் வெளிர்நிறப் பெண்ணின் கன்னத்தில் இளஞ்சிவப்பு பூத்திருந்தது. எங்கள் மணப்பெண்ணின் முகமோ செங்கல் நிறத்துக்குப் போனது. புடவை ஒரே சிவப்புத் திட்டாகி, சரிகை எங்கே என்று தேட வேண்டியதாயிற்று.

இது புதிய வியாதி இல்லை. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்கு கோடக் நிறுவனம் ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும்; அவள் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். 1950-களில் தொடங்கிய அந்த அட்டைக்கு, முதலில் படமெடுக்கப்பட்ட மாடலின் பெயரால், ஷெர்லி கார்டு என்றே பெயர் நிலைத்தது. பழுப்பின் பேதங்கள் ஃபிலிமில் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் சொன்ன பிறகே கோடக் அந்தப் பக்கம் அக்கறை காட்டியது என்று இத்துறையை ஆராய்ந்த லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனிதத் தோலுக்காக அல்ல, மேசை நாற்காலிக்காக! அட்டை போய்விட்டது, அதன் வேலையை இன்று மாதிரிப் படம் போட்ட தம்ப்நெயில்கள் பார்க்கின்றன.

சரி, மாதிரிப் படத்தை எடுத்துவிட்டு நம் ஃபிரேமையே தம்ப்நெயிலில் போட்டால் தீர்ந்ததா? பாதிதான். முழு எச்டி ஃபிரேம் 1920-க்கு 1080. அதில் 20,73,600 புள்ளிகள். தம்ப்நெயில் 160-க்கு 90 என்று வைத்துக்கொண்டால் வெறும் 14,400 புள்ளிகள், அதாவது 144-இல் ஒரு பங்கு. நிற மாற்றம், கறுப்பு வெள்ளை, ஓரம் இருட்டாக்கும் விக்னெட் எல்லாம் இந்த அளவில் ஒழுங்காகத் தெரியும். மெல்லிய மங்கல், கூர்மை, ஃபிலிம் கிரெய்ன் ஆகியவை தெரியாது. முழுப் படத்தில் 4 புள்ளி அளவுக்கு இருக்கும் மங்கல், பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிய படத்தில் ஒரு புள்ளியைக்கூட நிரப்புவதில்லை. உண்மையான தம்ப்நெயில் போட்டால் பத்து எஃபெக்ட்டுகள் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் மாதிரிப் படங்களில் கிரெய்னை மணல் கொட்டியதுபோல் மிகைப்படுத்திக் காட்டுகிறார்கள். பொய்தான், ஆனால் ஏன் என்று புரிகிறது.

கேடன்லைவ் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. 2002-இல் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருளின் எஃபெக்ட் பட்டியலில் படம் கிடையாது. வண்ணச் சின்னமும் பெயரும் மட்டும். பொய் சொல்வதில்லை, உண்மையும் சொல்வதில்லை. இதற்கு எஃபெக்ட் தரும் ஃப்ரேயர் தொகுப்பில் 'பால்டன்', 'வெர்டிகோ', '3டி ஃப்ளிப்போ' என்றெல்லாம் பெயர்கள். பெயரை வைத்து வேலையைச் சொல்லிவிடுபவருக்கு நான் டீ வாங்கித் தருகிறேன். பழகியவர்கள் பிடித்தவற்றுக்கு நட்சத்திரம் குத்திவைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். புதிதாக வருபவர் பாடு திண்டாட்டம்.

ஓப்பன்ஷாட்டில் ஒரு சுவாரசியம் கண்ணில் பட்டது. அதன் ட்ரான்சிஷன்கள் ஒவ்வொன்றும் ஒரு சாம்பல்நிறப் படம். அந்தப் படத்தில் எங்கே கறுப்பு, எங்கே வெளுப்பு என்பதைப் பொறுத்து அடுத்த காட்சி எந்த இடத்தில் முதலில் தோன்ற வேண்டும், எந்த இடத்தில் கடைசியில் என்பது தீர்மானமாகிறது. தம்ப்நெயிலாக வருவதும் அதே படம்தான். அதாவது இங்கே படமே எஃபெக்ட். கண் பழகிவிட்டால் சாயலைப் பார்த்தே நகர்வைச் சொல்லிவிடலாம். நான் பார்த்த தம்ப்நெயில்களில் முழு நேர்மையானவை இவைதான்.

பயனில் முந்துவது ஃபைனல் கட் ப்ரோவும் டாவின்சி ரிசால்வும். 2011-இல் புதிதாக எழுதப்பட்ட ஃபைனல் கட்டில் டைம்லைனில் ஒரு கிளிப்பைத் தேர்ந்துகொண்டு, எஃபெக்ட் படத்தின் மேல் சுட்டியை ஓட்டினால் போதும்; உங்கள் கிளிப்பே அந்த எஃபெக்ட்டோடு பெரிய திரையில் ஓடும். ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் எஃபெக்ட்டின் முக்கிய அளவு ஏறி இறங்கும். போடுவதற்கு முன்பே எவ்வளவு வேண்டும் என்றும் தெரிந்துவிடுகிறது. இந்த ஒன்றில் இதை யாரும் மிஞ்சவில்லை. ஆனால் மேக் வேண்டும். லோயாட் பிளாசாவில் உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்த்த விண்டோஸ் கணினிக்காரர்களுக்கு இது எட்டாக் கனி.

அவர்களுக்கு ரிசால்வ், அதுவும் இலவசப் பதிப்பே. எஃபெக்ட் பட்டியலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஹோவர் ஸ்கரப் ப்ரிவியூ' என்பதை இயக்கிவிட்டு, சுட்டியை இடமிருந்து வலமாக நகர்த்தினால் ட்ரான்சிஷன் முழுவதும் நம் காட்சிகளின் மேலேயே ஓடிக்காட்டுகிறது. கணினி திணறினால் ப்ராக்ஸி, அதாவது கிளிப்பின் எடை குறைந்த நகல், உருவாக்கிக்கொண்டு பாருங்கள், சுட்டி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது கலர் பக்கத்து லட் பட்டியலில் இருக்கிறது. ஒரு லட்டின் மேல் வலது கிளிக் செய்து, தம்ப்நெயிலை டைம்லைன் ஃபிரேமால் புதுப்பிக்கச் சொல்லலாம். நான் மணப்பெண்ணின் முகம் தெரியும் ஃபிரேமை வைத்து, அடிக்கடி எடுக்கும் லட்களின் படங்களையெல்லாம் மாற்றினேன். செங்கல் நிறமாக்குபவை எவை, சரிகையை விழுங்குபவை எவை என்று பட்டியலிலேயே பளிச்சென்று தெரிந்தது. மசூதிக் குவிமாடத்தை வைத்துப் பார்த்தபோது வேறொரு கூட்டம் கழிந்தது. கடற்கரைப் படத்தில் அழகாக இருந்த லட்கள் நீலக் குவிமாடத்தைப் பாசி நிறத்துக்குக் கொண்டுபோயின. நீல மசூதி பச்சையாகிவிட்டால் ஷா ஆலத்தில் யார் ஏற்பார்கள்?

ஐ-சிட்டி கிளிப்பில் மட்டும் எல்லாமே தோற்றன. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். கைப்பேசி நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால் 100 சரியாக வகுபடாது, படம் மினுக்கும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று எடுத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். வந்த கோளாறு காலத்தில் இருக்கிறது, ஒரு ஃபிரேமுக்குள் இல்லை. ஆகவே அதைச் சரிசெய்யும் டிஃப்ளிக்கருக்கு எந்த அசையாத தம்ப்நெயிலும் பொருள் தராது. சுட்டியை ஓட்டிப் பார்த்தாலும் நகர்த்தும் வேகத்தில் மினுக்கல் தெரியாமல் போகலாம். போட்டு, இயல்பான வேகத்தில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ரிசால்வில் டிஃப்ளிக்கர் கட்டணப் பதிப்புக்கு உரியது. இலவசப் பதிப்பில் போட்டால் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும். ஆனாலும் மினுக்கல் அடங்குகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். அடங்கினால் ஒரு தடவை கொடுக்கும் 295 அமெரிக்க டாலரைப் பற்றி யோசிக்கலாம். அடங்காவிட்டால் ஷட்டரை மாற்றிக்கொண்டு ஐ-சிட்டிக்கு இன்னொரு நடை போய்வருவது மலிவு.